'என்கரேஜ்': ஒரு சொல்லின் பொருளும் பிறப்பும்

(நமது ஜமாஅத் கல்விக் குழுவின் பரிசளிப்பு நிகழ்ச்சியில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்றைய அழைப்பிதழில் 'கல்வி ஊக்கப் பரிசளிப்பு' என்று அச்சிடப்பட்டுள்ளது. மேடைக்குப் பின்னால் கட்டியுள்ள பதாகையிலும் அதே சொல்தான். ஊக்கம் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். ஆயினும் பேசும்போது நம்மில் பெரும்பாலோரின் வாயில் வருவது அதன் ஆங்கில உருவமே. "பிள்ளையைக் கொஞ்சம் என்கரேஜ் பண்ணுங்கள்" என்று வாத்தியாரிடம் கூறுகிறோம். "அவனை இதிலெல்லாம் என்கரேஜ் பண்ணாதே" என்று வீட்டில் கண்டிக்கிறோம். பள்ளிக்கூடப் படியேறாத பாட்டிமார்கள்கூட இச்சொல்லைத் தடையின்றிக் கையாள்வதை நாம் கேட்டிருக்கிறோம். ஆகவே இன்று நீண்ட பயான் எதுவும் செய்யாமல், இந்த ஒரு சொல்லைக் குறித்து மட்டும் பேசலாம் என எண்ணியுள்ளோம்.

இமாமுக்கு ஆங்கிலச் சொல்லோடு என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். காரணம் உண்டு. சென்ற மாதம் கல்விக் குழு கூடியபோது ஒரு யோசனை முன்வைக்கப்பட்டது. ஜமாஅத்தின் உதவித்தொகை பெற்றுப் பயிலும் பிள்ளைகளில் அரையாண்டுத் தேர்வில் தவறியவர்களின் பெயர்களையும் மதிப்பெண்களையும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட வேண்டும். அதைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் ஒழுங்காகப் படிப்பார்கள். அவர்களுக்கு அது ஒரு 'என்கரேஜ்மென்ட்' என்பதே அந்த யோசனை. நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டது அது. சொன்னவர் இச்சபையிலேயே அமர்ந்திருக்கிறார். அவருடைய கைப்பொருளால் படித்து வேலைக்குச் சென்றவர்கள் நம் ஊரில் ஒருவர் இருவர் அல்லர். அவரைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. யோசனை இன்னும் முடிவாகாமல் நிர்வாகத்தின் முன் இருக்கிறது. முடிவெடுப்பதற்கு முன்னர், அவர் கையாண்ட அச்சொல் தன்னளவில் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

அரபு மத்ரஸாவில் ஸர்ஃபு இலக்கணம் ஓதியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சொல்லைக் கண்டாலும் அதன் மேலங்கியைக் கழற்றி, உள்ளே இருக்கும் மூல எழுத்துகளைத் தேடுவது. ஆங்கிலத்திற்கு அந்த இலக்கணம் பொருந்தாது என்றாலும், பழக்கம் விடுவதில்லை. அகராதிகளைப் புரட்டினோம்.

'என்கரேஜ்' என்னும் வினைச்சொல் இரு துண்டுகளால் ஆனது. முன்னால் நிற்கும் 'என்' என்பது 'உள்ளே', 'உள்ளே இடு', 'அந்நிலைக்கு ஆக்கு' என்னும் பொருள் தரும் முன்னொட்டு. பின்னால் நிற்கும் 'கரேஜ்' என்பதற்குத் துணிவு, வீரம் என்று நாம் பொருள் கொள்கிறோம். இன்று அதுவே பொருள், தொடக்கத்தில் அவ்வாறில்லை. பழைய பிரெஞ்சு மொழியில் 'கொராஜ்' என்றால் நெஞ்சம், நெஞ்சில் குடியிருக்கும் உணர்வு. அதற்கும் தாய் இலத்தீன் மொழியின் 'கோர்' என்னும் சிறு சொல். அதன் பொருள் இருதயம். நம் மார்பின் இடப்பக்கம் துடித்துக்கொண்டிருக்கும் அதே இருதயம்தான். மருத்துவமனைகளில் இருதய நோய்ப் பிரிவின் வாசலில் 'கார்டியாலஜி' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அந்தக் கிரேக்கச் சொல்லும், இலத்தீனின் 'கோர்' என்பதும், ஆங்கிலத்தின் 'ஹார்ட்' என்பதும் ஒரே பழைய வேரிலிருந்து கிளைத்த உறவினர்கள் என்று மொழி ஆய்வாளர்கள் நிறுவியுள்ளனர். ஆக, 'என்கரேஜ்' என்பதை எழுத்துக்கு எழுத்து தமிழாக்கினால், 'நெஞ்சை உள்ளே வைத்தல்' என்றாகும்.

பிரெஞ்சுக்காரரின் நெஞ்சு ஆங்கிலேயரின் வாய்க்கு எப்படி வந்தது என்று கேட்கலாம். 1066ஆம் ஆண்டில் பிரான்சின் வடபகுதியான நார்மண்டியிலிருந்து வில்லியம் என்னும் பிரபு கடல் கடந்து சென்று இங்கிலாந்தை வென்றார். அதன்பின் தலைமுறை தலைமுறையாக அந்நாட்டு அரசவையிலும் பிரபுக்களின் வீடுகளிலும் பேசப்பட்டது பிரெஞ்சு மொழியே. இதற்கு நமக்கெல்லாம் அறிமுகமான ஒரு சான்று உண்டு. சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபி (ரஹ்) அவர்களை எதிர்த்துச் சிலுவைப் படையோடு வந்து, 1192இல் உடன்படிக்கை செய்துகொண்டு திரும்பிய இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டின் பட்டப்பெயர் 'சிங்க நெஞ்சர்' என்பது. ஆங்கில மன்னராயிற்றே, பட்டப்பெயர் ஆங்கிலத்தில் இருந்திருக்கும் என்று நினைப்போம். அது 'கேர் த லியோன்' என்று பிரெஞ்சில்தான் வழங்கியது. அதிலுள்ள 'கேர்' என்பதும் நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே 'கோர்' என்பதன் பிள்ளைதான். எதிரியின் வீரத்தைப் புகழ்ந்தவர்கள் அவனது புயத்தையோ வாளையோ சொல்லவில்லை, நெஞ்சைச் சொன்னார்கள்.

இப்படி வந்து சேர்ந்த 'கொராஜ்' ஆங்கிலத்தில் நெடுநாள் தன் பழைய பொருளோடே வாழ்ந்தது. பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாசர் என்னும் ஆங்கிலக் கவிஞர் எழுதிய 'கான்டர்பரி கதைகள்' என்ற நூலின் தொடக்கத்திலேயே இச்சொல் இருக்கிறது. அங்கே அது போர்வீரனைக் குறித்து வரவில்லை. வசந்த காலத்தில் பாடும் சிறு குருவிகளின் உள்ளக் கிளர்ச்சியைக் குறித்து வருகிறது. அக்காலத்தில் ஆசை, கோபம், பெருமிதம் என நெஞ்சில் தோன்றும் எதற்கும் இச்சொல் இடம் கொடுத்தது. பின்னரே சுருங்கிச் சுருங்கித் துணிவு என்னும் ஒரு பொருளில் நின்றது. 'என்கரேஜ்' என்னும் வினை பதினைந்தாம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் இடம்பெற்றது. அதற்கு எதிர்ச்சொல்லான 'டிஸ்கரேஜ்' என்பதும் அதே நூற்றாண்டில் வந்துவிட்டது. முன்னது நெஞ்சை வைப்பது, பின்னது நெஞ்சை எடுத்துவிடுவது. 'அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு மனசே விட்டுப்போயிற்று' என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வார்களே, டிஸ்கரேஜ் என்பதற்கு அதைவிடத் துல்லியமான தமிழ் கிடைக்காது.

இந்தக் 'கோர்' குடும்பத்தில் இன்னொரு பிள்ளையையும் நாம் குறிப்பிட்டே ஆக வேண்டும். ஓதிக் கொடுக்கும் நமக்கு அதன்மீது தனிப் பிரியம். அது 'ரெக்கார்ட்'. பதிவு செய்வது என்னும் பொருளில் நாள்தோறும் கேட்கும் சொல். இலத்தீனில் அதன் மூலப் பொருள் 'மீண்டும் நெஞ்சுக்குக் கொண்டுவருதல்', அதாவது நினைவுகூர்தல். மனப்பாடம் செய்வதை ஆங்கிலேயர் 'பை ஹார்ட்' என்பதும், நம் பிள்ளைகள் 'பைஹார்ட் பண்ணிவிட்டேன்' என்பதும், நினைவின் இருப்பிடம் நெஞ்சே என்ற அந்தப் பழைய எண்ணத்தின் மிச்சங்கள். நினைவு மூளையில் இருக்கிறது என்று இன்று விஞ்ஞானம் சொல்லலாம். ஆனால் அச்சத்தால் நெஞ்சு படபடக்கும்போது மனனம் செய்தது பறந்துபோகிறது என்பதை, தேர்வறையில் வினாத்தாளைப் பார்த்த எந்தப் பிள்ளையும் சொல்லும்.

மற்ற மொழிகள் இதில் என்ன சொல்கின்றன என்று பார்த்தபோது நமக்கு வியப்பே ஏற்பட்டது. ஊக்கப்படுத்துவதற்கு இன்றைய அரபியில் வழங்கும் சொல் 'தஷ்ஜீஃ'. 'ஷஜாஅத்' என்னும் வீரத்திலிருந்து தஃப்ஈல் வாய்பாட்டில் அமைந்தது. ஒருவரை வீரமுடையவராக ஆக்குவது என்பது பொருள். சரி, ஷஜாஅத் என்றால் என்ன? ஹிஜ்ரி 711இல் மறைந்த அறிஞர் இப்னு மன்ளூர் தமது 'லிஸானுல் அரப்' என்னும் பேரகராதியில், கடினமான நேரத்தில் கல்பு உறுதியோடிருப்பதே ஷஜாஅத் என்று விளக்கம் தருகிறார். அங்கும் கல்புதான். பாரிஸுக்கும் லண்டனுக்கும் தொடர்பில்லாமல் கெய்ரோவில் அமர்ந்து எழுதியவர் அவர்.

தமிழும் பின்தங்கவில்லை. திருக்குறளின் அறுபதாம் அதிகாரம் 'ஊக்கமுடைமை'. அந்தப் பத்துக் குறள்களையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஊக்கம் என்று சொல்ல வேண்டிய இடங்களில் வள்ளுவர் திரும்பத் திரும்ப 'உள்ளம்' என்றே சொல்கிறார். அங்கே உள்ளம் என்றால் ஊக்கம் என்றுதான் பரிமேலழகர் உரை எழுதுகிறார். நம் முன்னோர்களுக்கும் ஊக்கமும் உள்ளமும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன. (சட்டையில் குத்திக்கொள்ளும் 'ஊக்கு' இந்த ஊக்கத்திற்கு உறவா என்று மக்தப் மாணவன் ஒருவன் நம்மிடம் கேட்டான். இல்லை; அது ஆங்கிலத்தின் 'ஹுக்' தமிழ்ச் சட்டை அணிந்து வந்தது. ஆனாலும் நல்ல கேள்வி. இப்படிக் கேட்கும் பிள்ளையை நாம் கவனித்துக்கொள்ள வேண்டும்.)

ஆங்கிலத்தில் ஒருவரைச் செயல்பட வைப்பதைக் குறிக்கும் வேறு வினைச்சொற்களும் உண்டு. அவற்றின் பிறப்பு வேறு வகை. 'ஸ்டிமுலேட்' என்பது இலத்தீனில் மாட்டைக் குத்தி ஓட்டும் கோலின் பெயரிலிருந்து வந்தது. நம் வண்டிக்காரர்கள் நுனியில் ஆணி வைத்த தார்க்குச்சியால் காளையைக் குத்துவார்களே, அதுதான். 'இன்ஸ்டிகேட்' என்பதற்கும் குத்துதலே மூலம். ஒருவரைக் குற்றம் செய்யத் தூண்டுவதைக் குறிக்க 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் பயன்படுத்திய சொல் இது. 2024 ஜூலை முதல் அதனிடத்திற்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அச்சொல் தொடர்கிறது. விற்பனைப் பிரதிநிதிகள் மாதக் கடைசியில் எதிர்பார்த்திருக்கும் 'இன்சென்டிவ்' மட்டும் இனிய குடும்பத்தில் பிறந்தது. பாட்டுக்கு முதல் சுருதி எடுத்துக் கொடுப்பது என்பது அதன் மூலம். இப்போது எங்கும் கேட்கும் 'மோட்டிவேட்' என்பது இவற்றிலெல்லாம் இளையது. 'நகர்த்துதல்' என்னும் இலத்தீன் வினையிலிருந்து வந்த 'மோட்டிவ்' என்ற பெயரைக் கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆக்கப்பட்டது.

குத்தினால் மாடு நகரும். நகர்ந்துவிட்டதால் அதற்கு நெஞ்சுரம் வந்துவிட்டது என்று எந்த வண்டிக்காரரும் சொல்லமாட்டார். இந்த வேறுபாட்டைத்தான் நிர்வாகப் பெருமக்கள் மனத்தில் கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். அச்சம் ஒருவனை நகர்த்தும்; அதில் ஐயமில்லை. அதற்கு 'என்கரேஜ்' என்று பெயரிடும்போதுதான் சொல் நம்மை ஏமாற்றுகிறது.

இந்த ஏமாற்றத்தை வேடிக்கையாகவும் வேதனையாகவும் உலகுக்குக் காட்டிய ஒரு நிகழ்ச்சி இங்கிலாந்தின் வரலாற்றில் உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

மத்திய தரைக்கடலில் மினோர்கா என்றொரு தீவு. 1756இல் அது ஆங்கிலேயர் வசமிருந்தது. பிரெஞ்சுப் படை அதை முற்றுகையிட்டது. தீவிலிருந்த கோட்டையைக் காக்க ஜான் பிங் என்னும் கடற்படைத் தளபதி அனுப்பப்பட்டார். அவருக்குக் கொடுக்கப்பட்ட கப்பல்கள் நல்ல நிலையில் இல்லை, ஆட்களும் போதவில்லை. அந்த ஆண்டு மே 20ஆம் நாள் நடந்த கடற்போரில் வெற்றியும் இல்லை, முழுத் தோல்வியும் இல்லை. தம் அதிகாரிகளோடு ஆலோசித்த பிங், கோட்டையை விடுவிக்க இயலாதென முடிவு செய்து ஜிப்ரால்டருக்குத் திரும்பினார். தீவு பறிபோயிற்று. நாடு கொதித்தது. போதிய படை அனுப்பத் தவறிய அமைச்சர்கள்மீது திரும்ப வேண்டிய மக்களின் கோபமெல்லாம் ஒரு மனிதர்மீது திரும்பியது. போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் இராணுவ நீதிமன்றம் கூடியது. அவர் கோழையல்லர் என்று நீதிமன்றமே கூறிற்று. ஆயினும் தம்மால் இயன்ற அனைத்தையும் செய்யவில்லை என்ற குற்றம் நிறுவப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. அக்குற்றத்திற்கு மரணத்தைத் தவிர வேறு தண்டனை வழங்கச் சட்டம் இடம் தரவில்லை. நீதிபதிகளே கருணை காட்டும்படி வேண்டினர். மன்னர் இரண்டாம் ஜார்ஜ் மறுத்துவிட்டார். மினோர்காவில் எதிரணியில் நின்று வென்ற பிரெஞ்சுத் தளபதி ரிஷலியூ பிரபுவே பிங்குக்குச் சாதகமாகக் கடிதம் எழுதினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அக்கடிதத்தை இங்கிலாந்துக்கு அனுப்பி வைத்தவர் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர். எதுவும் பலிக்கவில்லை. 1757 மார்ச் 14ஆம் நாள், போர்ட்ஸ்மவுத்தில் நின்ற 'மொனார்க்' என்னும் கப்பலின் மேல்தளத்தில் பிங் மண்டியிட்டார், சுட்டுக் கொல்லப்பட்டார்.

இரண்டாண்டுகள் கழித்து, 1759இல் வால்டேர் 'கான்டீட்' என்ற கதையை வெளியிட்டார். அதில் வரும் கதாநாயகன் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தை அடையும்போது, கண் கட்டப்பட்ட ஒருவரைக் கப்பலில் வைத்துச் சுடுகிறார்கள். எதற்கென்று கேட்கிறான். இந்நாட்டில் அவ்வப்போது ஒரு தளபதியைக் கொல்வது நல்லது என்றும், அது மற்றவர்களை ஊக்கப்படுத்துவதற்காக என்றும் அவனுக்கு விடை கிடைக்கிறது. அவ்விடத்தில் வால்டேர் கையாண்டது நம் சொல்லே. 'என்கரேஜ்' என்பதன் பிரெஞ்சு உருவம். நெஞ்சை வைப்பது என்று பொருள்படும் சொல்லை, ஒரு மனிதரின் நெஞ்சைத் துளைக்கும் செயலுக்குக் காரணமாகக் காட்டியதில்தான் அவருடைய எள்ளலின் முள் இருக்கிறது. ஆங்கிலேயர்கள் இன்றும் ஒருவரைப் பலியாக்கி மற்றவர்களை அச்சுறுத்தும் செயலைக் கண்டால் அந்தப் பிரெஞ்சுத் தொடரை அப்படியே சொல்கிறார்கள். வால்டேரின் மற்றக் கருத்துகள் பலவற்றோடு நாம் உடன்படுவதற்கில்லை. இந்த இடத்தில் அவர் சரியாகவே பார்த்திருக்கிறார்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பிங்கின் மரணத்திற்குப் பிறகு ஆங்கிலக் கடற்படை அதிகாரிகள் தயக்கமின்றி எதிரியின்மேல் பாயத் தொடங்கினர்; எனவே அந்தத் தண்டனை வேலை செய்தது என்று எழுதும் வரலாற்றாசிரியர்களும் உள்ளனர். அப்படியே இருக்கட்டும். அவர்கள் வயது வந்தவர்கள், சம்பளம் பெற்றுப் போருக்குப் போனவர்கள், போகாதிருக்கவும் வழி தெரிந்தவர்கள். நம் முன் இருப்பது பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளை. வாப்பா வெளிநாட்டில், உம்மா தனியே. கணிதத்தில் முப்பது மதிப்பெண் எடுத்துவிட்டான். அவன் பெயரைப் பலகையில் ஒட்டினால் அதை முதலில் பார்ப்பவர் யார்? ஐவேளையும் பள்ளிக்கு வரும் அவனுடைய பாட்டனார். அடுத்த நாள் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்திற்குப் போவானோ என்னவோ, பள்ளிவாசலுக்கு வரமாட்டான். மற்றப் பிள்ளைகள் அதைக் கண்டு ஒருவேளை படிக்கலாம். அல்லது, உதவித்தொகைக்கு மனுச் செய்தால்தானே பெயர் வரும், மனுவே வேண்டாம் என்று நல்ல குடும்பத்து ஏழைகள் ஒதுங்கிக்கொள்ளலாம். இரண்டாவதே நடக்கும் என்பது நமது கருத்து.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தன் பதினேழாம் பிரிவில் பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்கிறது என்பது பலருக்குத் தெரியும். அதே பிரிவு, அதே வரியில், மனத்தைத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடை செய்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2012இல் அச்சட்டத்திற்குக் கொண்டுவரப்பட்ட திருத்தம் மத்ரஸாக்களையும் வேத பாடசாலைகளையும் அதன் வரம்பிலிருந்து விலக்கியது உண்மைதான். சட்டம் விலக்களித்திருக்கலாம், நம்மிடம் ஓதும் பிள்ளையின் நெஞ்சு அப்படி எந்தத் திருத்தத்தையும் செய்துகொள்ளவில்லை. நபி (ஸல்) அவர்கள் முஆத் (ரலி), அபூமூஸா (ரலி) இருவரையும் யமன் நாட்டுக்கு அனுப்பி வைத்தபோது, மக்களை வெருட்டி ஓட்டிவிட வேண்டாமெனச் சொல்லி அனுப்பியதை நாம் பலமுறை இந்த மிம்பரிலிருந்து கேட்டிருக்கிறோம்.

அப்படியானால் நெஞ்சை வைப்பது எப்படி என்று கேட்பீர்கள். அதற்கு நாம் ஆங்கிலேயரிடமோ பிரெஞ்சுக்காரரிடமோ போக வேண்டியதில்லை. ரமளானில் நம் பள்ளியில் ஆண்டுதோறும் நடப்பதையே நினைத்துப் பாருங்கள். தராவீஹ் தொழவைக்கும் ஹாஃபிழ் ஓரிடத்தில் மறந்து நின்றுவிடுகிறார். பின்னால் நூற்றுக்கணக்கானோர் நிற்கின்றனர். என்ன நடக்கிறது? முதல் வரிசையில் நிற்கும் மற்றொரு ஹாஃபிழ், கேட்கும் அளவுக்கு மட்டும் குரலெழுப்பி, அடுத்த ஒரு சொல்லை எடுத்துக் கொடுக்கிறார். மூன்று வரியை ஓதிக் காட்டுவதில்லை. தம் மனனத்தின் திறமையை வெளிப்படுத்துவதில்லை. ஒரு சொல். அதைப் பிடித்துக்கொண்டு முன்னிற்பவர் மீதியைத் தாமே ஓதிச் செல்கிறார். இதற்கு 'லுக்மா' கொடுப்பது என்று பெயர். லுக்மா என்றால் அரபியில் ஒரு கவளம் உணவு. பசித்தவன் வாயில் ஒரு கவளம், அவ்வளவே. எத்தனையோ ஹாஃபிழ்கள் மறந்து நின்றிருக்கிறார்கள். மறுநாள் காலை எவருடைய பெயரும் அறிவிப்புப் பலகையில் ஏறியதில்லை. அப்படி லுக்மா பெற்று ஓதிய இளைஞர்கள்தாம் பின்னாளில் முப்பது ஜுஸ்உவையும் தடையின்றி ஓதும் ஹாஃபிழ்களாகிறார்கள்.

லுக்மா கொடுப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கொடுப்பவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அவர் என்ன ஓதுகிறார் என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளை எந்தக் கணக்கில் நின்றுவிட்டான் என்று தெரியாமல் "நன்றாகப் படி, முன்னுக்கு வா" என்று முதுகில் தட்டுவது லுக்மா ஆகாது. அதேபோல, தவறை மறைத்துப் புகழ்வதும் ஆகாது. தவறாக ஓதுகிறவருக்கு 'ஆமீன்' சொல்லிக்கொண்டிருப்பவர் அவருக்கு உதவி செய்யவில்லை. பத்தில் நான்கு கணக்குச் சரியாகப் போட்டவனிடம், அந்த நான்கையும் காட்டி, ஐந்தாவதில் எந்த வரியில் வழி தவறியது என்று விரல் வைத்துக் காட்டுபவர்தாம் அவனுக்கு ஒரு கவளம் தந்தவர்.

நெஞ்சை வைப்பதென்றால் எதற்காக என்பதையும் பார்க்க வேண்டும். இச்சொல்லுக்கு நல்லது கெட்டது தெரியாது. இங்கிலாந்தில் 2007இல் இயற்றப்பட்ட ஒரு குற்றவியல் சட்டம், குற்றம் செய்ய ஒருவருக்கு ஊக்கமளிப்பதையே தனிக் குற்றமாக்கி, அதற்கு 'என்கரேஜ்' என்ற சொல்லையே வைத்திருக்கிறது. நம் தெருக்களில் ஒன்பதாம் வகுப்புப் பையன் வாப்பாவின் இருசக்கர வாகனத்தை ஓட்டிக்கொண்டு போகிறான். வாசலில் நின்று பெருமையோடு பார்க்கிறார்கள். அதுவும் என்கரேஜ்தான். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதற்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் பெற்றோருக்கு உண்டு என்பதையும் இவ்விடத்தில் சொல்லி வைக்கிறோம். தலைப்பிலிருந்து சற்று விலகினாலும், சொல்லாமல் விட மனமில்லை.

இன்று பரிசு பெறும் பிள்ளைகளுக்கு நமது மனமார்ந்த வாழ்த்துகள். முதல் மூன்று இடங்களுக்கும் கேடயம் இருக்கிறது. அதன்பின் வருவோருக்கு 'ஆறுதல் பரிசு' என்று பட்டியலில் இருக்கிறது. ஆறுதல் சொல்வது இழவு வீட்டில். அந்தப் பெயரை அடுத்த ஆண்டு மாற்றிவிடலாம் என்று விழாக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.

பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் தவறிய பிள்ளைகளுக்கு அரசு நடத்தும் துணைத் தேர்வு இருக்கிறது. அதற்கு நாட்கள் அதிகமில்லை. கணிதமும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுக்க நம் ஜமாஅத்தின் பட்டதாரிகள் இருவர் இசைந்துள்ளனர். இன்ஷா அல்லாஹ், வரும் சனிக்கிழமை முதல் இஷாத் தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரம் மத்ரஸாவின் மேல்தளத்தில் வகுப்பு நடைபெறும். யார் யார் தவறியவர்கள் என்ற பட்டியலை நாம் கேட்கவில்லை. வாசலில் பெயர் எழுதும் பதிவேடும் வைக்கப்போவதில்லை. தேறிய பிள்ளைகளும் வந்து உட்காரலாம். யார் எதற்கு வந்தார் என்று எவருக்கும் தெரிய வேண்டியதில்லை. பெண் பிள்ளைகளுக்கு அஸருக்குப் பின் தனி வகுப்பு. அதற்கு ஓர் ஆசிரியை கிடைத்திருக்கிறார். மேல்தளத்தில் இரண்டு மின்விசிறிகளில் ஒன்று ஓடவில்லை. நிர்வாகிகள் சனிக்கிழமைக்குள் அதைச் சரிசெய்து தந்தால் போதும்; பாய்களை நாம் விரித்துக்கொள்கிறோம்.